தவணைக்குத் தவணை கரையும் பணம்: மலையகத்தில் விவாகரத்துச் செலவைக் குறைக்கும் வழி

"விவாகரத்துக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சட்டத்தரணியின் கட்டணத்தையே மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கட்டணம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறுபடும். அதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளவும் முடியும். ஆனால் என் தங்கையின் வழக்கு முடிந்த பிறகு, அம்மா ஒரு பழைய கொப்பியில் எழுதிவைத்திருந்த செலவுகளை நாங்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, சட்டத்தரணிக்குக் கொடுத்ததைவிடத் தவணைக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்படும் நாளுக்கு, போய்வந்த நாட்களில் கைவிட்டுப் போனதே அதிகமாக இருந்தது. அன்று முதல், இந்தக் கேள்வியுடன் வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் பேசுவது தவணைகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான்.

ஒரு தவணை நாளை எடுத்துக்கொள்வோம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் ஹட்டன் நீதிமன்றத்துக்கு வர வேண்டுமானால், விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்று அவளுக்குப் பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கான சம்பளம், கிடையாது. தனியாக அனுப்ப மனமில்லாமல் தாயோ அண்ணனோ கூட வந்தால் அவர்களுக்கும் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே, பஸ் காசும் சாப்பாடும் சேர்க்காமல், இருவருக்கும் 2,700 ரூபாய் போய்விடுகிறது. பத்துத் தவணை என்றால் 27,000 ரூபாய். சம்பளம் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். இந்தப் பத்தை ஆறாகக் குறைக்க முடிந்தால், அது எந்தச் சட்டத்தரணியும் கட்டணத்தில் குறைத்துத் தராத தொகை.

ஏன் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை

இருவருக்கும் சம்மதம் என்றால் கையெழுத்து வைத்துப் பிரிந்துவிடலாம் என்ற எண்ணம் தோட்டங்களில் மிகப் பரவலாக இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் அயலில் வாழும் கண்டிச் சிங்களவர்கள் 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்திருந்தால், பரஸ்பர சம்மதத்தின் பேரில் மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெற இடமுண்டு. அதைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படியே நடக்கும் என்று நம்புகிறவர்களும், "கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எனக்கு ஆள் இருக்கிறது" என்று பணம் வாங்குகிற தரகர்களும் இருக்கிறார்கள். மலையகத் தமிழருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் நமக்குரியதன்று. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. நமக்குரியது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன்படி விவாகரத்தை மாவட்ட நீதிமன்றம் மட்டுமே வழங்க முடியும். தோட்டத்துத் தலைவர் முன்னிலையில் எழுதிய பிரிவுப் பத்திரமோ, மத்தியஸ்த சபையில் எழுதிக்கொண்ட இணக்கமோ, பொலிஸ் நிலையத்தில் போட்ட கையெழுத்தோ திருமணத்தை முறிக்காது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அது தண்டனைக்குரிய குற்றமாகவே போய் முடியலாம். இத்தகைய தாளுக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

அந்தச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றுதான்: திருமணத்துக்குப் பிந்திய பிறர்மனைத் தொடர்பு, கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது அதையொத்த இயலாமை. கைவிட்டுச் செல்லல் என்பது வீட்டைவிட்டுப் போவதை மட்டும் குறிப்பதன்று. கூடவே வாழ முடியாதபடி நடந்துகொண்டு மற்றவரை வீட்டைவிட்டு விரட்டுவதும் அதில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. குடித்துவிட்டு அடித்து நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியே தள்ளப்பட்ட பெண், "நான்தானே வீட்டைவிட்டு வந்தேன், வழக்கு எனக்கு எதிராகப் போகுமோ" என்று அஞ்ச வேண்டியதில்லை.

எந்தக் காரணத்தின் பேரில் வழக்கைத் தொடுக்கிறோம் என்பது செலவையும் தீர்மானிக்கிறது. பிறர்மனைத் தொடர்பைக் காரணமாகக் காட்டினால் பொதுவாக அந்த மூன்றாம் ஆளையும் வழக்கில் எதிராளியாகச் சேர்க்க வேண்டும். அவருக்கும் அழைப்பாணை, அவருக்கும் ஒரு சட்டத்தரணி, அவர் வராத நாளுக்கும் ஒரு தவணை என்று வழக்கு நீளும். கைவிட்டுச் சென்றதை நிரூபிக்கத் தக்க சான்று தெளிவாக இருக்கும்போது, கோபத்தின் காரணமாக மட்டும் மற்றதையும் சேர்த்து எழுதச் சொல்வது பணத்தைத் தண்ணீராய் இறைப்பதற்கு ஒப்பாகும். அதேவேளை, வழக்கு விரைவாக முடிய வேண்டும் என்பதற்காக நடக்காத ஒன்றை இருவரும் பேசிவைத்துச் சொல்லக்கூடாது. அவ்வாறு கூடிப்பேசிக் காரணத்தை உருவாக்கியிருப்பது தெரிந்தால் நீதிமன்றம் விவாகரத்தை மறுக்கலாம். அதுவரை செலவழித்த எல்லாம் போகும்.

வழக்குக்கு முன்பே தீர வேண்டியவை

அடி உதை நடக்கும் வீட்டில் செலவைப் பற்றிய பேச்சு இரண்டாவதுதான். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அதற்கு விவாகரத்து வழக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மகளிர் உதவிக்கு 1938, சிறுவருக்கு 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

அதேபோல், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் வேண்டும் என்பதுதான் உடனடிப் பிரச்சினை என்றால், விவாகரத்தைத் தொடங்காமலேயே 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவுசெய்யப்படாவிட்டாலும், திருமணமே நடக்காவிட்டாலும், பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்கும் உரிமை உண்டு. கட்டளையிட்ட தொகையைத் தராதவரின் சம்பளத்திலிருந்து அதைக் கழித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். தோட்டத்தின் செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) பேர் இருக்கும் ஒருவரைப் பொறுத்தவரை இது மிகப் பயனுள்ள வழி. "விவாகரத்து வேண்டும்" என்று என்னிடம் வந்த பலருக்கு உண்மையில் அப்போது வேண்டியிருந்தது இந்தத் தாபரிப்புத்தான். அதை முதலில் பெற்றுக்கொண்டு, மூச்சு வாங்கியபின் விவாகரத்தைப் பற்றி யோசித்தவர்கள் கடன்படாமல் தப்பினார்கள்.

இனி, சட்டத்தரணியிடம் போவதற்கு முன் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் தேசிய அடையாள அட்டை ஆகிய மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயர்களை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மலையகத்தில் இந்த வேலைக்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குவது தகும். விவாகச் சான்றிதழில் "முத்துலெட்சுமி" என்றும், அடையாள அட்டையில் "முத்துலக்ஷ்மி" என்றும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வெறும் "லெச்சுமி" என்றும் இருப்பது நமக்குச் சாதாரணம். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு வேறொரு மொழியில் பதிந்தவர்கள் விட்ட பிழைகளை இரண்டு மூன்று தலைமுறையாகச் சுமக்கிறோம். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதைக் கிளப்பினால் ஒரு தவணை போய்விடும். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசியை முன்பே தயாரித்து, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டு வைத்துக்கொண்டால் அந்தத் தவணை மிஞ்சும்.

கோயிலில் தாலி கட்டிப் பதிவுசெய்யாமல் வாழ்ந்தவர்கள், "பதிவில்லையே, அதனால் விவாகரத்தும் வேண்டாம்" என்று தாமாக முடிவெடுக்கக்கூடாது. வழக்காறுப்படி முறையாக நடந்த திருமணத்தைப் பதிவில்லாவிட்டாலும் செல்லுபடியானதாக நம் நீதிமன்றங்கள் ஏற்ற சந்தர்ப்பங்கள் உண்டு. இதை மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

முகவரி

இதற்குத் தனித் தலைப்புக் கொடுத்ததற்குக் காரணம், என் தங்கையின் வழக்கில் முதல் மூன்று தவணைகளும் இதனாலேயே கெட்டன. வழக்குத் தாக்கலானதும் நீதிமன்றம் எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பும். முதலில் பதிவுத் தபாலில், அது சேராவிட்டால் நீதிமன்றக் கட்டளைகளைச் சேர்ப்பிக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் மூலம் நேரில், அதுவும் முடியாவிட்டால் வீட்டுக் கதவில் ஒட்டுவது போன்ற மாற்று வழியில். அழைப்பாணை சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் வழக்கு ஓர் அடியும் நகராது. எங்கள் வழக்குரையில் மைத்துனரின் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அந்தத் தோட்டத்துக்கு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு பிரிவுகள்; இரண்டிலும் அதே பெயரில் ஆட்கள். பதிவுத் தபால் தோட்டத்து ஆபீஸில் கிடந்து திரும்பியது. அடுத்த முறை சென்ற உத்தியோகத்தர் கீழ்ப்பிரிவில் விசாரித்துவிட்டு "அப்படி ஒருவர் இங்கு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவும் தங்கையும் பேர் இழந்து வந்து, நீதிமன்ற வளாகத்து மதிலோரம் நின்று, பத்து மணிக்குக் கூப்பிட்ட வழக்கு இரண்டு நிமிடத்தில் தள்ளிப்போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆகவே, தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் (வரிசை வீட்டின்) இலக்கம், காம்பிராவின் (அதிலுள்ள அறையின்) இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, எதிராளியின் அடையாள அட்டை இலக்கம், அவர் வேலை செய்யும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பிஸ்கால் உத்தியோகத்தருக்கு லயத்தைக் காட்டிக்கொடுக்க ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமானால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எதிராளி கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துகொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தோட்டத்துக்கு வருபவரானால், அந்த நாட்களைத் தெரியப்படுத்துவது ஒரு வருடத்தைக்கூட மிச்சப்படுத்தலாம்.

வழக்கைத் தொடுப்பவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கலாம் என்பதும் இங்கே நினைவிருக்கட்டும். கணவனின் ஊர் பதுளையாக இருந்தாலும், தாய் வீட்டுக்குத் திரும்பிவந்து நுவரெலியாவில் உண்மையாகவே வசிக்கும் பெண் ஒவ்வொரு தவணைக்கும் பதுளைக்கு ஓட வேண்டியதில்லை.

சட்டத்தரணியோடு பேசும் முறை

சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. குறைந்த வருமானமுள்ளவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்பாடு செய்து தருவதே அதன் வேலை. நாட்டின் பல நீதிமன்ற நகரங்களில் அதற்கு நிலையங்கள் உண்டு. தாபரிப்பு வழக்குகளும் விவாகரத்து வழக்குகளும் அங்கே அன்றாடம் எடுக்கப்படுகின்றன. சம்பளத் துண்டையும் கிராம உத்தியோகத்தரின் வருமான அத்தாட்சியையும் கொண்டுசெல்லுங்கள். "இலவசமாகச் செய்பவர்கள் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள்" என்று கூறி நகையை அடகு வைக்கத் தூண்டுபவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அடகு வைத்த நகைக்கு வழக்கு நடக்கும் காலம் முழுதும் வட்டி ஏறும். வழக்கு முடிந்த பிறகு நகையும் மீளாமல் போன வீடுகளை நான் அறிவேன்.

தனியார் சட்டத்தரணியிடம் போவதானால் வெட்கப்படாமல் நான்கு விடயங்களைக் கேளுங்கள். வழக்குரை தயாரித்துத் தாக்கல் செய்ய எவ்வளவு; ஒவ்வொரு தவணைக்கும் தனியாகக் கட்டணம் உண்டா, தவணை தள்ளிப்போனாலும் அதைக் கொடுக்க வேண்டுமா; விசாரணைக்கு இன்னொரு சட்டத்தரணியைப் பேச வைப்பாரா, அவருடைய கட்டணத்தை யார் கொடுப்பது; முத்திரைக் கட்டணம், தபால், போட்டோப் பிரதி எல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்குமா. பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நல்ல சட்டத்தரணி இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் சுளிப்பவரிடம் வழக்கைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் யோசியுங்கள்.

ஐந்தாவதாகவும் ஒன்றைக் கேட்க வேண்டும், என் கருத்தில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது: "எந்தெந்தத் தவணைக்கு நான் கட்டாயம் வர வேண்டும்?" உங்களுக்காகத் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரம் தரும் புரொக்ஸியில் கையொப்பமிட்டுக் கொடுத்தபின், அழைப்பாணை திரும்பிவரும் நாள், மறுமொழி தாக்கலாகும் நாள் போன்றவற்றில் சட்டத்தரணி உங்கள் சார்பில் தோன்றலாம். நீங்கள் நேரில் சாட்சியம் அளிக்கும் நாளும், பேசித் தீர்ப்பதற்காக நீதிபதி அழைக்கும் நாளுமே தவிர்க்க முடியாதவை. இதை யாரும் சொல்லாததால், ஒவ்வொரு தவணைக்கும் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகிவிடும் என்ற பயத்தில் பலர் பேர் இழந்து வருகிறார்கள். தாபரிப்பு வழக்கும் பாதுகாப்புக் கட்டளை வழக்கும் வேறு வகை. "நீங்கள் வர வேண்டாம்" என்று சட்டத்தரணி சொன்னாலொழிய அவற்றுக்குத் தவறாமல் போக வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தவணைக்கு முதல் நாள் மாலை சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேட்பது அந்த நாளைக் காப்பாற்றும்.

மொழிக்காகவும் பணம் கரைகிறது. மலையகத்து நீதிமன்றங்களில் பதிவேடுகள் சிங்களத்தில் வைக்கப்படுகின்றன. ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி, வழக்கின் மொழி விளங்காத ஒரு தரப்பினர் அரசின் செலவில் தமிழில் உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் கோரும் உரிமையுடையவர். வெளியில் நின்று "நான் உள்ளே வந்து சொல்லித் தருகிறேன்" என்று காசு கேட்பவர் தேவையில்லை. நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சட்டத்தரணி மூலம் முன்பே அறிவித்துவிடுங்கள். அவர் இல்லாத நாளில் வழக்கை எடுத்துவிட்டுத் தள்ளிப்போடுவதும் ஒரு வீண் தவணைதான். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை என்பதால், அங்கே விண்ணப்பங்களைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

பேசித் தீர்க்கக்கூடியவை

விவாகரத்துக்கான காரணத்தைப் பேசிவைக்கக்கூடாது என்றேன். ஆனால் பிள்ளைகள் யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது, மாதம் எவ்வளவு கொடுப்பது, சீதனமாக வந்த நகையும் பாத்திரமும் அலுமாரியும் யாருக்கு என்பவற்றைப் பேசி முடிப்பதில் எந்தத் தவறும் இல்லை. வழக்கை வருடக்கணக்கில் இழுப்பவை இவைதான். பெரியவர்கள் முன்னிலையிலோ நீதிமன்றக் குடும்ப ஆலோசகர் முன்னிலையிலோ இவற்றை இணங்கி, அந்த இணக்கத்தை நீதிமன்றத்தில் பதியச் செய்தால் விசாரணை சுருங்கும். எதிராளி வழக்கை எதிர்க்காமலோ தோன்றாமலோ விட்டால், ஒருதலைப்பட்ச விசாரணையில் உங்கள் சாட்சியத்தைக் கேட்டே தீர்ப்பளிக்க முடியும். அதுவே செலவு மிகக் குறைந்த பாதை. ஒரு பழைய குக்கருக்காகவும் இரண்டு தோட்டுக்காகவும் மூன்று தவணை சண்டையிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாள் சம்பளத்தில் புதிய குக்கரே வாங்கியிருக்கலாம்.

சொத்தைப் பொறுத்தவரை, பொதுச் சட்டத்தில் கணவன் மனைவியின் சொத்துகள் தனித்தனியானவை. திருமணத்தால் தானாகப் பாதிப்பாதி ஆவதில்லை. லயக் காம்பிரா தோட்டத்துக்குரியது, உங்கள் இருவருக்கும் உரியதன்று. யார் அதில் தொடர்ந்து இருப்பது என்பதை நீதிமன்றத்தில் கிளப்புவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தோட்ட வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்திருந்தால் ஆவணத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை முதலிலேயே பாருங்கள்.

கடனை மறந்துவிடாதீர்கள். நுண்நிதிக் கடனுக்கு நீங்கள் பிணை நின்றிருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அந்தப் பிணையிலிருந்து உங்களை விடுவிக்காது. கடனைக் கட்டி முடிப்பதையோ பிணையாளரை மாற்றுவதையோ இணக்கத்தின் ஒரு பகுதியாகக் கேளுங்கள். எதிராளியோ நீங்களோ வளைகுடா நாட்டில் வேலை செய்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பும் அற்றோணித் தத்துவத்தின் (இன்னொருவர் உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரத்தின்) மூலம் பல படிகளை இங்கேயே நடத்தலாம். சாட்சியம் அளிக்கும் நாளை விடுமுறையோடு பொருந்தும்படி கேட்டுக்கொள்ளச் சட்டத்தரணியிடம் விமானப் பயணத் திகதிகளை முன்பே கொடுங்கள்.

தீர்ப்புக்குப் பின்

நீதிபதி விவாகரத்தை வழங்கிய அன்றே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகே அது முடிவான தீர்ப்பாணை ஆகும். அதற்கு முன் செய்யும் மறுமணம் செல்லாது. அதை முடிவாக்குவதற்கான விண்ணப்பம் தன் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் சட்டத்தரணியிடம் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டு, பல வருடம் கழித்து மறுமணத்துக்குப் பதிவாளரிடம் போய்த் திரும்பிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

முடிவான தீர்ப்பாணை கிடைத்ததும், ஊழியர் சேமலாப நிதியில் பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் இருக்கிறது என்று தோட்டத்து ஆபீஸில் பாருங்கள். அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பமானால் குடும்ப விபரத்தைப் பிரதேச செயலகத்தில் திருத்துங்கள். தீர்ப்பாணையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளை ஒரே தடவையில் இரண்டு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்காகவும் வருவது இன்னொரு பேரை இழப்பதாகும். அவற்றில் ஒன்றை உங்கள் காம்பிராவில் வைக்காமல் வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்துவிட்டுப் போன தோட்டங்களில், உடுத்த துணியோடு நிற்கிற மக்கள் அடுத்த வாரமே பிறப்புச் சான்றிதழுக்கும் விவாகச் சான்றிதழுக்கும் அலைந்ததை நான் கண்டிருக்கிறேன்.